வரிசைக்கும் பந்திக்கும் நடுவே

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்கா. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். கூட வந்த பெரியவர்களுக்கு வேறு வேலை இல்லை. பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே பொழுதைக் கழிக்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் உண்டானது என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் பூங்கா பெஞ்சு ஒன்றை அனஹைம் டிஸ்னிலாந்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கடலைதான் இல்லை.

அனஹைமுக்கு அடுத்த ஊர் பியூனா பார்க். அங்கே பழத்தோட்டம் வைத்திருந்த நாட் குடும்பத்தின் கதை சாப்பாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. கையில் காசு புரளாத 1934ஆம் ஆண்டில், கார்டீலியா நாட் தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, பொரித்த கோழியோடு 8 பேருக்குச் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட். ருசி ஊரெல்லாம் பரவி, சில ஆண்டுகளில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று அவர் கணவர் வால்டர், 1940இல் பழைய மரக்கட்டடங்களைக் கொண்டுவந்து, ஆளில்லாத சுரங்க ஊர் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவானது. கோழிச் சாப்பாட்டுக் கடை இன்றும் நடக்கிறது, பூங்காவின் வாசலுக்கு வெளியே.

ஒருவர் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். இன்னொரு பக்கம் ஊரே சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது. ரோலர் கோஸ்டர் எல்லாம் பிறகு வந்தவை. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், பூங்காவுக்குள் எங்கே உட்காருவது, யாரோடு சாப்பிடுவது என்பது சில்லறை விஷயமாகத் தோன்றாது.

* * *

அம்மாவும் அப்பாவும் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த கோடையில் ஆர்லாண்டோ போனோம். விசிட்டர் விசாவில் அமெரிக்கா வரும் பெற்றோருக்கென்று ஒரு சுற்று இருக்கிறது. நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், வழியில் ஒரு கோயில், கடைசியாக டிஸ்னி. டிஸ்னி பேரப் பிள்ளைகளுக்காக என்று பெயர். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி. குலுங்குகிற சவாரி எதிலும் ஏற முடியாது. இரண்டு பேரும் பெஞ்சு ஆட்கள்.

பெஞ்சு ஆட்களின் நாள் வேறு மாதிரி ஓடுகிறது. பிள்ளைகளுக்கு நாளென்பது இந்தச் சவாரியிலிருந்து அந்தச் சவாரி. அம்மாவுக்கு அது காலைக் காப்பியிலிருந்து பகல் சோறு, சோற்றிலிருந்து சாயங்காலக் காப்பி. வீட்டிலும் அப்படித்தான், ஆனால் வீட்டில் அந்த நேரங்கள் அவள் கையில் இருந்தன. இங்கே யாரோ ஒருவர் கையில் இருக்கின்றன என்பது வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே ஆயுதத்தோடு வந்திருந்தாள்.

ஆயுதம், தயிர்ச் சோறு. நாங்கள் தங்கிய வாடகை வீட்டில் அடுப்பு இருந்தது. விடியற்காலையில் சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றினாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரே ஒரு கரண்டி தயிர். உப்பைச் சாப்பிடுகிற நேரத்துக்கு என்று தனியாக மடித்துக்கொண்டாள். கிளம்பும்போது அது பால் சோறு. போகிற வழியெல்லாம் டப்பாவுக்குள் உறைந்துகொண்டே வந்து, பகல் பந்தி நேரத்துக்குத் தயிர்ச் சோறாகியிருக்கும், புளிப்பு ஏறாமல். இது ரயில் பயணத்துக் கணக்கு. நெல்லை எக்ஸ்பிரஸில் பல ஆண்டுகள் பழகியது. ஐஸ் பையில் வைக்கிறேன் என்றேன்.

“அதுல வச்சா உறையாதுட்டி. வெளியவே இருக்கட்டும்.”

ஃப்ளோரிடா வெக்கை நெல்லை எக்ஸ்பிரஸை விட வேகம். பன்னிரண்டு மணிக்கே உறைந்துவிட்டது.

வாசலில் பை சோதனை. நம் ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவற்றில் வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. புளிச்சோற்றுத் தூக்கோடு போய் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போகும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே விட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்ததை உள்ளே சாப்பிடலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடுபண்ணித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். காவலர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை. கண்ணாடி ஏதாவது உண்டா என்று கேட்டுக் கையசைத்தார். அம்மாவுக்கு அமெரிக்காவின் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

* * *

மரநிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, தயிர்ச் சோறு, நார்த்தங்காய். எதிர் பெஞ்சில் ஒரு பையன் வான்கோழிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தான். பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

“அதென்னட்டி, கதாயுதம் மாதிரி?”

சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் தன் டப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். பேரனோ வான்கோழிக் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாப்பிட்டது இருபது நிமிடம் இருக்கலாம். காலையிலிருந்து நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்கிறோம். சவாரியில் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம். நடக்கும்போது போனில் உள்ள வரைபடத்தை. பூங்கா என்பது குடும்பத்தைப் பக்கம் பக்கமாக உட்காரவைக்கிற இடம். எதிரெதிராக உட்காரவைப்பது சாப்பாடு ஒன்றுதான்.

* * *

தண்ணீர்.

1955 ஜூலை 17, டிஸ்னிலாந்து திறந்த நாள். கொளுத்துகிற வெயில், புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கழிப்பறை, குடிநீர்க் குழாய் இரண்டையும் திறப்பு நாளுக்குள் முடிக்க ஆளில்லை. ஏதாவது ஒன்றுதான் முடியும் என்ற நிலையில் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்பதற்காகத்தான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் பூங்காக்களைப் பற்றிய முதல் சந்தேகம் அதுவாகவே இருக்கிறது, எல்லா ஊரிலும்.

அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்ததும் கடையில் பாட்டில் வாங்கப் போனவளைத் தடுத்து, குளிர்பானக் கடையில் சும்மா தண்ணீர் கேட்டேன். பெரிய கோப்பை நிறைய ஐஸ் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். காசு இல்லை. டிஸ்னி பூங்காக்களில் குளிர்பானம் ஊற்றித் தருகிற உணவுக் கடைகளில் கேட்டால் தண்ணீர் இப்படிக் கிடைக்கும். கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள்.

“துட்டு கேக்கலையே?”

“இல்லம்மா.”

“அப்ப ஐஸ் இல்லாம வாங்கு.”

ஐஸ் இல்லாத தண்ணீர் என்பது இந்த நாட்டில் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டிய காரியம். விளக்கி வாங்கினேன். அதன் பிறகு எந்தக் கடையைக் கடந்தாலும் அம்மா ஒரு கோப்பை வாங்கச் சொன்னாள். தாகம் இருந்ததோ இல்லையோ. காவிரித் தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீரும் பாட்டிலில் விலைக்கு வந்துவிட்ட காலத்தில் வயதானவள், இலவசத் தண்ணீர் எங்கே கிடைத்தாலும் அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறாள்.

* * *

நாங்கள் போன வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மேசை போட்டுப் பரிமாறும் உணவகங்களில் 60 நாள் முன்னதாகவே இடம் பதியலாம். அவர்களுடைய ஓட்டலிலேயே தங்குகிறவர்களானால், வந்திறங்கும் நாளைக் கணக்கில் வைத்து, தங்குகிற நாட்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் பத்து நாள்வரை பதிந்துகொள்ளலாம். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கிற உணவகம் போன்றவற்றுக்கு விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு. அறுபது நாள் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் 5.40க்குப் பசிக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்கிறார்கள்.

பசி அப்படி வருவதில்லை. குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. மூன்று மணிக்கு ஐஸ்கிரீம் தின்றவன் ஐந்தே முக்காலுக்கு எதைத் தின்பான்? மிக்கியும் மின்னியும் மேசைக்கு மேசை வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிற விருந்துகளில் இது இன்னும் மோசம். பிள்ளைகள் மிக்கி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தட்டு அப்படியே இருக்கும். மிக்கி போன பிறகு சாப்பிடலாம் என்றால் மின்னி வந்துவிடும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காசில்லை, 3 முதல் 9 வரை பிள்ளைக் கட்டணம், 10 வயதானால் அவன் பெரியவன். அந்தப் பத்து வயதுக்காரன் பெரியவனைப் போலச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால், தாத்தா பாட்டியோடு வருகிறவர்கள் அந்த விருந்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டு விட்டுவிடலாம். அது சாப்பாடு அல்ல, உட்கார்ந்து பார்க்கும் இன்னொரு சவாரி.

* * *

டிஸ்னிலாந்தில் டிக்கி ரூம் என்று ஒரு காட்சி உண்டு. கூரையெல்லாம் பொம்மைக் கிளிகள் உட்கார்ந்து பாடும். 1963இல் தொடங்கியது. முதலில் அதை உணவகமாகத்தான் திட்டமிட்டார்கள். தலைக்கு மேல் கிளி பாட, கீழே சாப்பாடு. ஆனால் கிளிகள் பாடினால் வந்தவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள், அடுத்த பந்திக்கு இடம் கிடைக்காது என்பது விளங்கிப்போனது. உணவகம் கைவிடப்பட்டு வெறும் காட்சியாயிற்று.

நம் ஊர் ஓட்டலில் இதற்குக் கிளியெல்லாம் வேண்டாம். அடுத்து உட்கார வேண்டியவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். அதற்கு மேல் ரசத்தை யார் ருசித்துச் சாப்பிடுவது.

1976 முதல் அந்த டிக்கி ரூமுக்கு டோல் என்கிற அன்னாசி நிறுவனம் விளம்பரதாரர் ஆனது. பின்னால் அங்கே வந்த அன்னாசி ஐஸ்தான் இன்று இந்தப் பூங்காக்களின் அடையாளத் தின்பண்டம். டோல் விப். பால் சேராதது, மஞ்சளாகச் சுருண்டு நிற்கும், வாயில் வைத்தால் புளிப்பு முதலில், இனிப்பு பிறகு. ஆர்லாண்டோவில் அம்மா ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். பிறகு கோப்பையையே வாங்கிக்கொண்டாள்.

* * *

டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டில், ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் மாதிரிகள். மெக்சிகோவில் தொடங்கி கனடாவில் முடியும் வட்டம், சுமார் 2 கிலோமீட்டர். 1982இல் திறந்த பூங்கா. இந்தியா கிடையாது. ஒவ்வொரு நாட்டின் வாசலிலும் அந்த ஊர் மது ஏதாவது ஒன்று கோப்பையில் கிடைக்கும், கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பதினொரு நாட்டிலும் ஒவ்வொரு கோப்பை என்று பந்தயம் கட்டிக்கொண்டு ஒரே மாதிரி பனியன் போட்டு வருகிற கூட்டங்களும் உண்டு. ஏழாவது எட்டாவது நாட்டுக்குப் பிறகு அவர்களை நெருங்காமல் நடப்பது நல்லது.

டிஸ்னிக்கு இது பிடித்திருக்காது. அவர் குடிக்காதவர் அல்ல. ஆனால் பூங்காவில் பீர்கூடக் கூடாது, மது வந்தால் கலாட்டாப் பேர்வழிகளும் வருவார்கள் என்று உறுதியாக இருந்தார். 1966 டிசம்பரில் அவர் இறந்தார். மறு ஆண்டு டிஸ்னிலாந்துக்குள் கிளப் 33 திறந்தது, அங்கே மது உண்டு, உறுப்பினர்களுக்கு மட்டும். அந்தப் பூங்காவில் எல்லோரும் காசு கொடுத்து மது வாங்க 2019 வரை ஆயிற்று. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் 1971இலிருந்து வறண்ட பூங்காவாகவே இருந்து, 2012 நவம்பரில் ஒரே ஓர் உணவகத்தில் ஒயினும் பீரும் ஊற்றத் தொடங்கி, 2018க்குள் மேசையில் பரிமாறும் எல்லா உணவகங்களுக்கும் விரித்தது. டோக்கியோ டிஸ்னிலாந்து 1983இல் திறந்து 2020 வரை தாக்குப்பிடித்தது. பிரான்ஸ் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. 1992 ஏப்ரலில் பாரிஸ் அருகே திறந்தபோது ஒயின் கிடையாது என்றார்கள். ஒயின் இல்லாத பகல் சாப்பாடு பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாட்டில் சேர்த்தியில்லை, மறு ஆண்டே விதி தளர்ந்தது. இன்னொன்றும் அங்கே புரிந்தது. அமெரிக்காவில் ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் நடந்துகொண்டே தின்பார்கள். பிரெஞ்சுக்காரர்களோ பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சமையல்கட்டு திணறியது.

எனக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. ஒயினுக்காக அல்ல, பன்னிரண்டரைக்காக.

மெக்சிகோ வாசலில் அப்பாவும் நானும் நின்றிருந்தோம். அம்மா வயது இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, விளிம்பில் உப்பு ஒட்டிய மார்கரிட்டாக் கோப்பையோடு வந்து பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தார். கூடவே பேத்தி, மிக்கி முகம் போட்ட ஐஸ் ஒன்றின் காதைக் கடித்துக்கொண்டு. பாட்டி ஒரு வாய் குடிப்பார், கைக்குட்டையால் பேத்தியின் மோவாயைத் துடைப்பார், இன்னொரு வாய். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குடிப்பவர் அல்லர். ஆனால் குடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து தள்ளி, கம்பிக் கதவுக்கு முன்னால் சில்லறையை நீட்டி, வாங்கி, மறைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் குடிப்பது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து அரசே கடை வைத்து நடத்துகிறது, ஆனாலும் அந்த மறைவு போகவில்லை. சித்தப்பா ஒருவர் அதிலேயே போனார்.

“பேத்தி முன்னால வச்சுக் குடிக்கா, பாரு” என்றார் அப்பா. குரலில் குற்றம் சொல்வது இல்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “முன்னால வச்சுக் குடிச்சா ஒண்ணோட நிக்கும்போல” என்றார்.

நிற்கும் என்று எனக்கு நிச்சயமில்லை. பனியன் கூட்டம் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

* * *

நார்வேயில் ஒரு பன் வாங்கினோம். ஸ்கூல் பிரெட் என்று பெயர். நடுவில் கஸ்டர்ட், மேலே சர்க்கரைப் பூச்சு, சுற்றிலும் வறுத்த தேங்காய்த் துருவல். அம்மா பிய்த்து மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஏலக்காய்லா வாசம் வருது.”

ஏலக்காய்தான், மாவிலேயே அரைத்துச் சேர்க்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற காய், பனி நாட்டுக்காரன் ரொட்டியில் எப்படியோ குடியேறி, அங்கிருந்து இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தேங்காய், ஏலக்காய், சர்க்கரை. கொழுக்கட்டைக்குப் பூரணம் செய்ய வேண்டிய எல்லாமும் இருந்தன. அன்றைக்கு அம்மா முழுசாகத் தின்ற ஒரே வெளிப் பண்டம் அதுதான்.

அதே எப்காட்டில் கோக்க கோலாவின் கூடம் ஒன்று உண்டு. பல நாடுகளில் அவர்கள் விற்கும் குளிர்பானங்களைச் சின்னக் கோப்பைகளில் இலவசமாகக் குடித்துப் பார்க்கலாம். இத்தாலியின் பெவர்லி என்று ஒன்று, கடுங்கசப்பு. தெரியாதவர்களுக்கு அதைக் கொடுத்து முகத்தைப் படமெடுப்பது அங்கே வழக்கமான விளையாட்டு. என் மகன் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தான். அப்பா குடித்தார். முகம் மாறவில்லை.

“நெலவேம்புக் கஷாயத்துக்கு இது எவ்வளவோ தேவலை” என்று இன்னொரு கோப்பை பிடித்துக்கொண்டார்.

* * *

ஃப்ளோரிடாவில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். மூன்று, நாலு மணிக்கு வானம் கறுத்து ஊற்றும், வெளிச் சவாரிகள் நிற்கும், கூட்டம் முழுக்க உணவகங்களுக்குள் நெருக்கும். அந்த நேரத்தில் யாரும் பசித்து உள்ளே வருவதில்லை. மேசை கிடைத்தால் யார் பக்கத்தில் என்று பார்க்காமல் உட்காருவார்கள். எங்கள் மேசையில் ஒரு தெலுங்குக் குடும்பம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டியின் பையிலிருந்து ஆவக்காய் வந்தது, அம்மாவின் பையிலிருந்து மிச்ச இட்லி. இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. அவர் தெலுங்கில் பேசினார், அம்மா தமிழில். முழங்கால், மருமகள், ஊறுகாய்க்கு எண்ணெய் எவ்வளவு என்று மூன்று விஷயங்கள் தீர்ந்தன என்று நினைக்கிறேன். மழை முக்கால் மணி நேரம் பெய்தது.

* * *

கடைசி நாள் எந்தப் பூங்காவுக்கும் டிக்கெட் எடுக்கவில்லை. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்கிற ஓட்டலில் சனா என்றோர் உணவகம். அங்கே சாப்பிட ஓட்டலில் தங்கியிருக்க வேண்டியதில்லை, பூங்கா டிக்கெட்டும் வேண்டாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும். ஆப்பிரிக்கச் சமையலை இந்திய மசாலாக்களோடு சேர்த்துச் செய்கிற இடம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் குஜராத், கொங்கணக் கரைக்கும் கப்பல் போய்வந்த நூற்றாண்டுகளை நினைத்தால் இது கற்பனைச் சேர்க்கை அல்ல. தந்தூர் அடுப்பு எரிகிறது.

அங்கே ரொட்டி வரிசை என்று ஒன்று தருவார்கள். நான், வெங்காயக் குல்சா, பனீர் பராட்டா என்று 5 வகை, தொட்டுக்கொள்ள 9 கிண்ணம். மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய், மிளகாய்ச் சம்பல், எலுமிச்சையும் பச்சை மிளகாயும் போட்ட ஊறுகாய், தக்காளியும் பேரீச்சையும் கிண்டிய ஜாம், குடைமிளகாய் போட்ட கொண்டைக்கடலை விழுது. நீள மரப்பலகையில் வைத்து வந்தது. அம்மா ஒன்பதையும் இடமிருந்து வலமாக விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பூண்டு ஊறுகாயில் நின்றாள். திரும்பவும் தொட்டாள்.

“எண்ணெய் காணாது. மத்தபடி தெரிஞ்சவ செஞ்சதுதான்.”

புளிச் சட்னியைத் தொட்டபோது, புளிய மரத்தின் தாய்வீடே ஆப்பிரிக்காதான் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. புளி இல்லாத ஒரு காலத்தில் நம்மவர்கள் என்ன குழம்பு வைத்திருப்பார்கள் என்று கேட்டாள். மிளகாயும் இந்தப் பக்கத்துக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்றார் அப்பா. “அப்ப நம்மளுதுதான் என்னங்க இருக்கு?” என்றாள். உப்பு என்று அப்பா சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் அந்த நேரத்தில் சவாரி எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒட்டகச்சிவிங்கி ஒன்று கண்ணாடியருகே வந்து போனது. பேத்தி அதைப் பார்க்க ஓடவில்லை, ஆச்சி மூன்றாம் முறை பூண்டு ஊறுகாயைத் தொடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைவம் பற்றி ஒரு வார்த்தை. 2019 முதல் இங்கே உணவுப் பட்டியல்களில் பச்சை இலைக் குறி போடுகிறார்கள். அந்தக் குறி இருந்தால் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், முட்டை, தேன்கூட இல்லை. நம் சைவத்தைவிடக் கடுமை. ஆகவே குறி இல்லாத பண்டமெல்லாம் அசைவம் என்று முடிவுகட்ட வேண்டாம். பரிமாறுகிறவரிடம் கேட்டால் சமையல்காரரையே மேசைக்கு அனுப்புவதும் உண்டு. எங்களிடம் வந்தவர், முட்டையும் இறைச்சிச் சாறும் சேராதவை எவையெவை என்று விரல்விட்டுச் சொன்னார். அம்மா அவரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

* * *

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: பன்னிரண்டரைக்கு முன்பே நிழலில் ஓர் இடம் பிடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு கிடைக்காது. மருந்து வேளைக்குத் தகுந்தபடி சாப்பாட்டை வையுங்கள், சவாரியை அதற்கேற்ப நகர்த்துங்கள். கட்டுச்சோறு தாராளமாகக் கொண்டுபோகலாம், ஊறுகாய் பாட்டில் மட்டும் கண்ணாடியாக இருக்கக் கூடாது. வெயிலில் வெகுநேரம் போன தயிர்ச் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். விருந்து மேசை ஒன்றே ஒன்று பதிவதென்றால், பொம்மைகள் வராத இடமாகப் பார்த்து, கடைசி நாளுக்குப் பதியுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், கேளுங்கள், தருவார்கள்.